முன்வரிசை காலியாக இல்லை!

பினாங்கில் ஒரு தெரு மேடை. மேளம், பாட்டு, வண்ண விளக்கு எல்லாம் உண்டு. முன்வரிசை நாற்காலிகள் மட்டும் காலி. நல்ல இடமாச்சே என்று போய் உட்கார்ந்துவிடாதீர்கள். ஆள் இருக்கிறது!

வணக்கம் மக்களே. சீன நாட்காட்டியில் ஏழாம் மாதம் பேய் மாதம். பசியோடு வரும் ஆவிகளுக்குப் படையலும் உண்டு, கூத்தும் உண்டு. முன்வரிசை அந்த விருந்தாளிகளுக்கு. பின்னணி அவ்வளவுதான்.

இப்போது கேள்வி: மேடைப் பேய் ஏன் சினிமாப் பேயைவிட அதிகமாகப் பயமுறுத்துகிறது? பினாங்கின் ஜார்ஜ்டவுனில் ஒரு சின்ன அரங்கில் பேய் நாடகம் பார்த்தேன். விளக்கு அணைந்ததும் பக்கத்து இருக்கை அண்ணன், முன்பின் தெரியாதவர், என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பேய் இன்னும் வரவே இல்லை. ஒரு கதவு திறந்தது, அதற்கே இப்படி. சினிமாப் பேய் திரையை விட்டு இறங்காது. நம் ஊர்ப் பேய்க்குக் கால் கிடையாது. நாடகப் பேய்க்கு இரண்டு காலும் உண்டு, நேராக நம் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்கும்!

லண்டனில் ‘தி வுமன் இன் பிளாக்’ என்ற பேய் நாடகம் ஃபார்ச்சூன் தியேட்டரில் 1989 முதல் 2023 வரை, 13,000 காட்சிகளுக்கு மேல் ஓடியது. கதை சொல்ல இரண்டே நடிகர்கள், அப்புறம் தானாக ஆடும் ஒரு நாற்காலி.

ஆனால் எனக்குப் பிடித்த பேய் 1862-இல் பிறந்தது. இரவு கடைசி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறீர்களா? வெளியே இருட்டு, உள்ளே விளக்கு. உங்கள் முகம் ரோட்டோர மரங்களுக்கு நடுவே மிதந்துகொண்டு கூடவே வரும். ‘பெப்பரின் பேய்’ அதேதான். லண்டன் ராயல் பாலிடெக்னிக்கில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் ஜான் ஹென்றி பெப்பர் அதைக் காட்டினார். மூல யோசனை ஹென்றி டிர்க்ஸ் என்ற பொறியாளருடையது. பெயர் என்னவோ பெப்பருக்கே போனது, பாவம். மேடைக்கு முன்னால் சாய்த்து வைத்த, ஜன்னல் கண்ணாடி போன்ற பெரிய கண்ணாடித் தகடு. கீழே பள்ளத்தில், கூட்டத்தின் கண்ணில் படாமல், வெள்ளை உடுத்திய நடிகர். அவர்மேல் பளீரென்று விளக்கு அடித்தால் பிம்பம் மேடை நடுவில் நிற்கும். விளக்கைக் குறைத்தால் கரைந்து போகும்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? மேடையில் நடிப்பவர் கண்ணுக்குப் பேய் தெரியாது! வெறும் காற்றைப் பார்த்து நடுங்குவார், வெறும் காற்றில் வாள் வீசுவார். பேய்க்கதை என்றால் ஒருவர் பார்ப்பார், ஊரே ‘அங்கே ஒன்றுமில்லை’ என்று சொல்லும். இங்கே ஊரே பார்க்கிறது, பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் தெரியவில்லை. இந்தக் காட்சியை நினைத்தாலே எனக்குச் சிரிப்பு, கூடவே கொஞ்சம் குளிர்.

மேடையில் பேய் பார்த்த அனுபவம் இருந்தால் கமெண்டில் எழுதுங்கள். சப்ஸ்கிரைப் செய்யாதவர்களைப் பின்வரிசையில் தனியாக உட்கார வைப்பேன்.

சரி, அடுத்த பேய் மாதம் தெரு மேடைக்குப் போனால் இரண்டாம் வரிசையைப் பிடியுங்கள். முன்னால் இருப்பவர் தலை மறைக்காது. மறைத்தால், ஃபோனை எடுக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.