கோபாலா, ஜாவாவா?

வணக்கம். சாப்பாட்டுக்கு முன்னால் கடைசிப் பேச்சு என்னுடையது, அதனால் சுற்றி வளைக்கவில்லை. மெயின்ஃப்ரேமில், அதாவது வங்கிகள் போன்றவை கணக்கு ஓட்டும் பெரிய கணினியில், புதிதாக ஒரு புரோகிராம் எழுத வேண்டும், எந்த மொழியில் எழுதுவது? இதை என்னிடம் கேட்பவர்களில் பாதிப் பேர் பதிலையும் கையோடு கொண்டுவந்துவிடுவார்கள். "கோபால் பழசு சார், ஜாவாவில் போட்டுவிடலாம்." பழசுதான், கோபால் (COBOL) 1959-ல் பிறந்த புரோகிராம் மொழி. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் அம்மா, "அந்தக் கோபால் சம்பளம் ஒழுங்காகத் தருகிறாரா?" என்று கேட்டதுண்டு. தந்தார், இன்றும் தருகிறார்.

மொழியின் வயதை விடுங்கள். அது தொடப்போகும் ஃபைலைப் பாருங்கள். ஒன்பது இலக்கத் தொகை, கடைசி இரண்டு பைசா. கோபாலில் காம்ப்-3, அதாவது இலக்கங்களை நெருக்கிக் கட்டும் வடிவம், என்று எழுதினால் ஐந்து பைட்டில் அடங்கிவிடும். பைட்டுக்கு இரண்டு இலக்கம், கடைசி அரை பைட்டில் பிளஸ் மைனஸ் குறி. இந்த வடிவத்திலேயே கூட்டவும் கழிக்கவும் 1964-ல் அறிவித்த சிஸ்டம்/360-லேயே மெஷின் கட்டளைகள் இருந்தன. கோபாலும் பிஎல்/1 என்ற இன்னொரு பழைய மொழியும் அவற்றை நேராக எடுத்துக்கொள்கின்றன. ஜாவாவில் டபுள், அதாவது பைனரியில் வைக்கும் தசம எண், என்று போட்டால் பத்துப் பைசாவைக்கூடத் துல்லியமாக வைக்க முடியாது, 0.10 பைனரியில் முடியாமல் நீண்டுகொண்டே போகும். துல்லியமான தசமக் கணக்குக்கு பிக்டெசிமல் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, கணக்கும் சரியாக வரும். ஆனால் ஒவ்வொரு தொகையையும் பிரித்து ஆப்ஜெக்ட் ஆக்கி, கூட்டி, மறுபடி ஐந்து பைட்டாகச் சுருட்ட வேண்டும். நூறு ரெக்கார்டுக்குப் பரவாயில்லை. ராத்திரி மொத்தமாக ஓடும் பேட்ச்சில் நாலு கோடி ரெக்கார்டு என்றால் யோசிக்கத்தான் வேண்டும்.

இன்னொன்றை நான் பட்டே தெரிந்துகொண்டேன். ஓரிடத்தில் பழைய மேட்ச் புரோகிராம் ஒன்றை ஜாவாவில் திருப்பி எழுதினோம். மாஸ்டர் ஃபைல் ஒன்று, அன்றைய பரிவர்த்தனை ஃபைல் ஒன்று. இரண்டும் வாடிக்கையாளர் எண்படி சார்ட் ஆகி வரும், ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டு ஜோடி சேர்க்க வேண்டும். டெஸ்ட்டில் எல்லாம் சரி. லைவ் போன முதல் ராத்திரி, அப்எண்ட் எதுவும் இல்லை, அதாவது பாதியில் விழவில்லை, ரிட்டர்ன் கோடும் ஜீரோ, அதாவது எல்லாம் நலம். காலையில் பார்த்தால் ரிஜெக்ட் ஃபைல் பிதுங்கி வழிகிறது. காரணம் எளிது. மெயின்ஃப்ரேமின் எழுத்துக் குறியீடான எப்சிடிக்கில் வரிசைப்படுத்தினால் எழுத்து முன்னால் வரும், எண் பின்னால். ஜாவாவின் யூனிகோடில் எண்தான் முன்னால். மாஸ்டரின் முதல் ரெக்கார்டு ஏ100, பரிவர்த்தனை 1000. ஏ100 பெரியது என்று நினைத்த ஜாவா, "1000-ஐத் தாண்டி வந்துவிட்டோம், மாஸ்டரில் ஆளே இல்லை" என்று தள்ளிவிட்டது. எங்கள் டெஸ்ட் டேட்டாவில் எழுத்தில் தொடங்கும் ஒரு கணக்குகூட இல்லை. அந்தப் புரோகிராமை எழுதியது நான்தான்.

இவ்வளவு சொன்னதால் ஜாவா வேண்டாம் என்கிறேன் என்று நினைக்காதீர்கள். அதற்கு ஒரு பெரிய பலம் உண்டு, பில். மெயின்ஃப்ரேமில் சாஃப்ட்வேருக்கு மாதாமாதம் கட்டும் தொகை பெரும்பாலும் பொது பிராசஸர் எவ்வளவு ஓடியது என்பதைப் பொறுத்தது. ஐபிஎம் 2006-ல் கொண்டுவந்த ஜிப் (zIIP) என்ற தனிப் பிராசஸரில் ஓடும் வேலை அந்தக் கணக்கில் சேராது. ஜாவா அங்கே ஓடும், சாதாரண கோபால் புரோகிராம் ஓடாது. ஆக, சிபியு அதிகம் தின்றாலும் ஜாவா மலிவாக முடியலாம். மேனேஜரிடம் பேசும்போது இதைச் சொல்லுங்கள், "மாடர்ன்" என்ற வார்த்தையை விட்டுவிடுங்கள்.

அசெம்பிளர், அதாவது மெஷின் கட்டளைகளையே நேராக எழுதும் மொழி? சிஸ்டத்துக்குள்ளேயே செருகும் சிஸ்டம் எக்ஸிட் எழுதுபவர்களுக்கு இன்றும் தேவை. வேகத்துக்காக என்றால் வேண்டாம். அன்று எழுதிய அசெம்பிளர் அன்றைய மெஷினின் கட்டளைகளோடு நின்றுவிடுகிறது. கோபாலைப் புதுக் கம்பைலரில், புது மெஷினைக் குறிப்பிட்டு மறுபடி கம்பைல் செய்தால் புது மெஷினின் கட்டளைகள் தானாக உள்ளே வந்துவிடும். சில்லறை வேலைக்கு, நூறு டேட்டாசெட்டின் பெயர் மாற்ற, ஒரு ரிப்போர்ட்டிலிருந்து நாலு வரி உருவ, ரெக்ஸ் என்ற எளிய ஸ்கிரிப்ட் மொழி போதும். அதற்குப் போய் கோபாலில் நானூறு வரி எழுதுபவரையும் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் ஆள். கோபாலுக்கு ஆள் கிடைக்கவில்லை என்பது பெரிய புலம்பல். நல்ல இளைஞருக்கு கோபால் ஒரு மாதத்தில் வந்துவிடும். வராதது வேலையை ஓட்டச் சொல்லும் ஜேசிஎல்லும், ஆன்லைன் பரிவர்த்தனைகளை நடத்தும் சிஐசிஎஸ்ஸும், ரெக்கார்டின் அமைப்பைச் சொல்லும் உங்கள் காப்பிபுக்கில் ஒரே இடத்தை மூன்று விதமாக ரீடிஃபைன் செய்த அந்த நாற்பது பைட்டும். ராத்திரி ரெண்டு மணிக்கு எஸ்0சி7, அதாவது எண் இருக்க வேண்டிய இடத்தில் குப்பை என்ற பிழை, விழும்போது, பேக்டு ஃபீல்டில் (காம்ப்-3 இடத்தில்) 404040 என்று கிடந்தால் யாரோ ஸ்பேஸ் (எப்சிடிக்கில் 40) போட்டிருக்கிறார்கள் என்று மெமரி டம்ப்பைப் பார்த்ததும் புரிய வேண்டும். ஜாவாவில் எழுதினாலும் அதே ஃபைல்தான், அதே ஸ்பேஸ்தான்.

போன வாரம் ஒரு தம்பி கேட்டார், டிபி2 டேட்டாபேஸிலிருந்து கணக்கு விவரம் எடுத்து மொபைல் ஆப்புக்கு ஜேசன் (JSON) வடிவில் தர வேண்டும் என்று. ஜாவாவில் எழுதச் சொன்னேன். கோபாலில் இருக்கும் வட்டிக் கணக்கையும் சேர்த்து மாற்றிவிடட்டுமா என்றார். அதைத் தொடாதே, புதுக் கம்பைலரில் மறுபடி கம்பைல் மட்டும் செய், பழையது கண்டும் காணாமல் விட்ட குப்பை டேட்டாவுக்குப் புதியது வேறு விடை தரலாம், அதனால் இரண்டையும் ஒரு மாதம் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிப் பார் என்றேன். சரி, சாம்பார் ஆறுகிறது. மிச்சக் கேள்விகளை இலைக்கு முன்னால் வைத்துக்கொள்வோம்.