யாரு கையில எது பலம்?

வணக்கம்ங்க. மொரிஷியஸ் ரோஸ் ஹில்ல இருந்து வந்திருக்கேன், கம்ப்யூட்டர் கேம் பத்தி தமிழ்ல பேசச் சொல்லி கூப்பிட்டாங்க, சந்தோஷமா ஓடி வந்துட்டேன்.

சின்ன வயசுல பாட்டி வராண்டாவுல சாக்பீஸ்ல கோடு போட்டு ஆடு புலி ஆட்டம் சொல்லிக் கொடுத்தாங்க. 3 புலி, 15 ஆடு. நான் ஆடு எடுத்தா கொஞ்ச நேரத்துல பாதி ஆடு காலி, புலி ரொம்ப பலம், இது அநியாயம்னு அழுவேன். சரி நீயே புலி எடுத்துக்கோம்பாங்க. அப்ப அவங்க ஆடு ஒண்ணொண்ணா வச்சு என் 3 புலியையும் நகர விடாம அடைச்சிடுவாங்க. அதே கோடு அதே விதிதான், ஆள்தான் மாறுச்சு.

ஒரே பக்கம் ஒருத்தர் கையில பலமாவும் இன்னொருத்தர் கையில பலவீனமாவும் இருக்கு பாருங்க, இன்னைக்கு ஸ்ட்ராட்டஜி கேம் செய்யுறவங்களுக்கு இருக்கிற பெரிய தலைவலியே இதுதாங்க. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2ன்னு ஒரு கேம், ஊரைக் கட்டி படை சேர்த்து சண்டை போடுறது, 1999ல வந்தது, இன்னும் நம்ம பசங்க ஆடுறாங்க. அதுல ஒரு நாட்டை எடுத்து, சாதாரணமா 3 வில்லேஜர், அதாவது வேலையாள், 200 உணவு கையில வச்சு ஆரம்பிப்போம். சீனா எடுத்தா 6 வில்லேஜர் கிடைக்கும், ஆனா உணவு ஒண்ணுமே இருக்காது, மரமும் 50 கம்மி. ஒரு புது வில்லேஜருக்கு 50 உணவு வேணும், அப்ப முதல் நொடியிலயே ஆட்டை கண்டுபிடிச்சு அறுக்கணும், வில்லேஜரை உருவாக்குற டவுன் சென்டர் சும்மா நிக்கவே கூடாது. கை தேர்ந்தவன் இதை அசால்ட்டா செஞ்சிட்டு அந்த 3 ஆளு அதிகத்தை வச்சே முன்னாடி போயிடுவான், புதுசா வந்தவன் ஆடு எங்கன்னு தேடுறதுக்குள்ள பின்தங்கிடுவான். ஒரே நாடுதான், ஒருத்தனுக்கு வரம், இன்னொருத்தனுக்கு சுமை.

அதனால மொத்தமா கணக்கு போட்டு ஒரு படை 100 ஆட்டத்துக்கு 50 ஜெயிக்குது, பேலன்ஸ் சரியா இருக்குன்னு சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். கத்துக்குட்டிங்க கையில 42, கெட்டிக்காரங்க கையில 58னு வச்சுக்கோங்க, ரெண்டு பக்கமும் சம அளவு ஆட்டம்னா சராசரி 50தான் வரும், ஆனா அங்க யாருக்குமே நியாயம் நடக்கல. ஆடுறவங்க திறமைப்படி தட்டு தட்டா பிரிச்சுப் பாக்கணும். லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்ங்கிற கேமை செய்யுற ரயட் கம்பெனி 2019ல அப்படித்தான் பண்ணாங்க, சாதாரண ஆளு, திறமையான ஆளு, உச்சத்துல இருக்கிறவங்க, தொழில்முறை ஆட்டக்காரங்கன்னு 4 தட்டா பிரிச்சு, எதுல ஒரு கேரக்டர் எல்லை மீறுதுன்னு பாத்து கை வைக்கிறோம்னு வெளிப்படையா சொன்னாங்க. எனக்கு அது பிடிச்சிருந்துச்சு.

சரி பிரிச்சாச்சு, அப்புறம் எதை மாத்துறது? புதுசா வந்தவனுக்காக ஒரு படையை பலமாக்குனா மேல இருக்கிறவன் அதை வச்சே எல்லாரையும் நொறுக்கிடுவான். நல்ல மாத்தம்னா கீழ இருக்கிறவனுக்கு கை கொடுக்கணும், மேல இருக்கிறவனுக்கு அது தேவையே படக்கூடாது. அதே ஏஜ் ஆஃப் எம்பயர்ஸோட 2019 டெஃபினிட்டிவ் எடிஷன்ல வேவு பாக்குற குதிரை தானா சுத்தி வந்து மறைஞ்சிருக்கிற வரைபடத்தை திறக்குற வசதி வச்சாங்க. கத்துக்குட்டிக்கு அது பெரிய உதவி, ஏன்னா அவன் கண்ணு வில்லேஜர் மேலயே இருக்கும், ஆனா கெட்டிக்காரன் தன் கையால ஓட்டுனாத்தான் எதிரி வீடு வரைக்கும் சரியா போகும், அதனால அவனுக்கு அது பெருசா தேவைப்படாது. யாரும் எதையும் இழக்கல பாருங்க, இந்த மாதிரி யோசனைக்காகவே அந்த டீமை கும்பிடணும்னு தோணும்.

இன்னொரு வழியும் இருக்கு. ஸ்டார்கிராஃப்ட் புரூட் வார்ங்கிற இன்னொரு ஸ்ட்ராட்டஜி கேம்ல 2001க்கு அப்புறம் படைங்க பலத்தை மாத்தவே இல்ல, கொரியாவுல போட்டி நடத்துனவங்க மேப்பை, அதாவது சண்டை நடக்குற நிலத்தை, மாத்தி மாத்தி சமப்படுத்துனாங்க, அதாவது ஆளை விட்டுட்டு மைதானத்தை மாத்துறது.

ஆனா என்ன மாத்துனாலும் சரியான எதிராளி கிடைக்கலைன்னா வீண்ங்க. செஸ்ல ஆட்டக்காரங்க திறமையை புள்ளியா அளக்குற ஈலோ கணக்குப்படி 200 புள்ளி வித்தியாசம் இருந்தாலே மேல இருக்கிறவனுக்கு 100 ஆட்டத்துல 76 ஆட்டத்தோட பங்கு கிடைக்கணும், 400ன்னா 91. நம்ம மொரிஷியஸ்ல இதுதான் வலி. பள்ளிக்கூடம் விட்டு 4 மணிக்கு பிள்ளைங்க ஆன்லைன்ல ஆட உட்காரும்போது, எதிரா ஆட ஐரோப்பாவுல ஆள் தேடுனா அங்க மதியம், அங்க இருக்கிற பசங்க இன்னும் கிளாஸ்ல. அவங்க ராத்திரி 8 மணிக்கு வரும்போது நமக்கு 10, அவங்க குளிர்காலத்துல 11, நம்ம பிள்ளைங்க தூங்கியாச்சு. ஆளு கம்மியா இருந்தா சிஸ்டம் காத்திருந்து காத்திருந்து கடைசியில யாரையோ கோத்து விடுது, நம்ம புதுப் பையன் கெட்டிக்காரன்கிட்ட மாட்டிக்கிறான், பிங் வேற, அதாவது நாம அழுத்துனது அங்க போய்ச் சேர ஆகுற தாமதம்.

என் அண்ணன் பொண்ணு ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2ல திராவிடர் படையைத்தான் எடுப்பா, 2022ல வந்தது, அவங்க தமிழ்ல பதில் சொல்றாங்கன்னு அவளுக்கு அவ்வளவு ஆசை. அதுல நைட்ங்கிற கவசம் போட்ட குதிரைப்படை கிடையாது, திறந்த வெளியில எதிரி குதிரையில வந்தா புதுசா ஆடுறவங்க திணறிப்போவாங்க, தண்ணி மேப்ல நல்லா வரும். 4 தடவை தோத்துட்டு அழுதா. நான் படையை மாத்தச் சொல்லல, மேப்பை மாத்துனோம், அவ அளவுக்கு ஆடுற கூட்டாளி ஒருத்திய குவாத்ர் போர்ன்ல கண்டுபிடிச்சு சனிக்கிழமை சாயங்காலம் ரெண்டு பேரையும் ஆட விட்டோம். போன வாரம் 3 ஆட்டம், அதுல 2 ஜெயிச்சா, அந்தப் பொண்ணு இந்த வாரம் மறுபடியும் வர்றேன்னு சொல்லியிருக்கா. நன்றிங்க, வணக்கம்.