சுறா வடிவத்துல பைன்வுட் டெர்பி கார்: வாயைத் திறந்து வைக்கலாமா?

ஒருத்தர் கேட்டிருக்கார்: "பைன்வுட் டெர்பிக்குப் பையன் சுறா மீன் கார்தான் வேணும்ங்கறான். வாய் திறந்திருக்கணுமாம், மேல துடுப்பு, பின்னாடி வால். இப்படிச் செஞ்சா ஓடுமா? எடை ஏறிடாதா?"

பைன்வுட் டெர்பின்னா, கிட்ல வர்ற பைன் மரக்கட்டையைச் செதுக்கி, சக்கரம் மாட்டி, சாய்வான டிராக்ல இஞ்சின் இல்லாம உருட்டி விடற பசங்க கார் பந்தயம். உங்க சுறா ஓடும். எடையைப் பத்திக் கவலை வேண்டாம், சிக்கல் வாயிலதான் இருக்கு.

டிராக் உச்சியில ஒவ்வொரு லேனுக்கும் நடுவுல ஒரு குச்சி நிக்கும். காரோட முன்பக்கம் அதுல சாஞ்சு நிக்கும், குச்சி மடங்கினதும் கார் இறங்கும். சுறாவுக்கு மூக்கு முன்னால நீண்டு, வாய் அதுக்குக் கீழ இருக்கும் இல்லையா? அதே மாதிரி மூக்குக்கு அடியில குடைஞ்சீங்கன்னா, குச்சி தாடையில போய் முட்டும், மூக்கு குச்சியைத் தாண்டி நிக்கும். முடிவுக்கோட்டுல சென்சார் எதை முதல்ல பார்க்குதோ அதைத்தான் கணக்கு எடுக்கும். அப்போ மூக்கு நீட்டியிருக்கிற அளவுக்கு உங்க கார் முன்னாடியே கிளம்பின மாதிரி ஆயிடும். அதனாலதான் பல பந்தயங்கள்ல குச்சிக்கு முன்னால எதுவும் நீட்டக்கூடாதுன்னு விதியே வெச்சிருக்காங்க.

அதுக்குப் பதிலா வாயைப் பக்கவாட்டுல செதுக்குங்க. கட்டை 1¾ அங்குல அகலம், கிட்டத்தட்ட 44 மில்லிமீட்டர். ரெண்டு பக்கமும் 6 மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு பள்ளம் எடுத்தாக்கூட நடுவுல 32 மில்லிமீட்டர் கெட்டியா நிக்கும். பள்ளத்துக்குள்ள கறுப்பும் சிவப்பும் அடிச்சு, வெள்ளை அட்டையில பல் வெட்டி ஒட்டுங்க. பக்கத்துல இருந்து பார்க்கிறவங்களுக்கு வாய் பிளந்த மாதிரியே தெரியும். முன்முகத்துல மட்டும், கட்டையோட அடியில இருந்து ஒரு அரை அங்குலம் நேரா, தட்டையா விட்டுடுங்க. மூக்கு அடியில இருந்தே மேல வளைஞ்சா கார் குச்சி மேல ஏறி உட்கார்ந்துக்கும்.

அடுத்து துடுப்பு. கட்டையிலேயே துடுப்பைச் செதுக்கப் பார்க்காதீங்க. மரத்தோட நார் நீளவாக்குல ஓடுது, துடுப்பு செங்குத்தா நிக்குது. விரல் பட்டாலே அடியோட ஒடிஞ்சு வந்துடும். 3 மில்லிமீட்டர் பால்சா (ரொம்ப லேசான மரம்) பலகையில, நார் மேலும் கீழுமா வர்ற மாதிரி தனியா வெட்டுங்க. முதுகுல 6 மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு பிளவு போட்டு, அதுல மரப்பசை வெச்சுச் செருகுங்க. சூடான பசையில வெறுமனே ஒட்டினா, கடைசியில கார் நிக்கிற இடத்துல வர்ற அதிர்ச்சிக்கே பேர்த்துக்கிட்டுப் போயிடும். வாலும் இதே மாதிரிதான், ஆனா மொத்த நீளம் 7 அங்குலத்துக்குள்ள. கட்டையே 7 அங்குலம், அதனால வால் நிக்கிற இடத்தைக் கட்டையில இருந்துதான் வெட்டி எடுக்கணும். பக்கத் துடுப்புகள் சக்கரத்தைத் தாண்டவே கூடாது. மொத்த அகலம் 2¾ அங்குலம்தான்.

எடைக்கு வரேன். வரம்பு 5 அவுன்ஸ், அதாவது 141.7 கிராம். முழுக் கட்டையே சுமாரா 100-ல இருந்து 125 கிராம். சுறாவா செதுக்கினப்புறம் பாதிதான் மிஞ்சும். சக்கரம், ஆணி எல்லாம் சேர்த்தாலும் இன்னும் 60 கிராம் நீங்கதான் சேர்க்கணும். களிமண்ல துடுப்பு செஞ்சு அந்த எடையை முன்னாடியும் மேலயும் வீணாக்கிடாதீங்க. டங்ஸ்டன் உலோகமா வாங்கி, பின் ஆக்ஸிலுக்கு (சக்கரம் சுத்துற ஆணிக்கு) முன்னால அடியில இருந்து குழி போட்டு உள்ள வைங்க. ஈயத்தைவிட அடர்த்தி அதிகம், சின்னக் குழி போதும். எதுவும் கீழ துருத்தக்கூடாது. டிராக் நடுவுல ஒரு தண்டவாளம் ஓடுது, அடியில 3/8 அங்குலம் காலியா இருந்தாகணும். முடிஞ்சதும் காரை ஒரு ஸ்கேல் விளிம்புல குறுக்கா வெச்சுப் பாருங்க. பின் ஆக்ஸிலுக்கு முக்கால்ல இருந்து ஒரு அங்குலம் முன்னால சமநிலை வரணும். அதைவிடப் பின்னால போனா முன் சக்கரம் தரையில அழுந்தாது, கார் ஆடிக்கிட்டே இறங்கும்.

வரிசையை மாத்திடாதீங்க. ஆக்ஸில் காடி (ஆணி உட்கார்ற பள்ளம்) நேரா இருக்கான்னு மூலைமட்டம் வெச்சுப் பார்க்கிறது, எடைக்குழி துளைக்கிறது ரெண்டும் கட்டை சதுரமா இருக்கும்போதே முடிஞ்சிடணும். வளைவா செதுக்கின மீனை வைஸ்ல (இறுக்கிப் பிடிக்கிற கருவியில) பிடிக்கவே முடியாது. கிட் கட்டையில ஒரு காடி ஓரத்துக்குக் கிட்ட இருக்கும், அந்தப் பக்கம் வால் வரட்டும்; எடை இன்னும் பின்னால போகும். அப்புறம் செதுக்கி, 120, 220, 400 உப்புத்தாள் தேய்ச்சு, பெயிண்டை மெல்லிசா ரெண்டு மூணு தடவை அடிங்க. காடிக்குள்ள பெயிண்ட் போகாம டேப் ஒட்டிக்கோங்க. ஆணித் தலைக்கு அடியில இருக்கிற பிசிறை அரத்தால எடுத்து மெருகேத்தினப்புறம், கடைசியா உராய்வு குறைய கிராஃபைட் தூள் போடுங்க.

தராசுக்குத் தராசு வித்தியாசம் வரும். அதனால 3 கிராம் அளவுக்கு டங்ஸ்டன் புட்டியை (களிமண் மாதிரி பிசையக்கூடியது) அடிக்குழியில பசை போடாம அழுத்தி வைங்க. பந்தய இடத்துத் தராசு எடை கூடக் காட்டினா நகத்தால கிள்ளி எடுத்துடலாம், சுறாவைச் சுரண்ட வேண்டியிருக்காது.