யார்ன் வேறு, த்ரெட் வேறு

நேயர்களுக்கு வணக்கம். யார்ன், த்ரெட் என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களையும் நாம் நூல் என்றே சொல்லிவிடுகிறோம். கடையில் அதனால் குழப்பமில்லை. கேட்பவர் நெசவாளரா தையற்காரரா என்று கடைக்காரருக்குத் தெரியும். வெளியூருக்கு ஆங்கிலத்தில் ஆர்டர் எழுதும்போதுதான் சிக்கல் வருகிறது. சொல் மாறினால் சரக்கே மாறிவிடும்.

பஞ்சை நூற்றால் கிடைப்பது யார்ன். நெய்வதற்கும் பின்னுவதற்கும் அதுவே மூலப்பொருள். 40ஆம் நம்பர், 60ஆம் நம்பர் என்று பருத்தி நூலுக்குச் சொல்வது அதன் பருமனை. 840 கஜம் ஒரு சிட்டம். 40 சிட்டம் சேர்ந்து ஒரு பவுண்டு எடை இருந்தால் அது 40ஆம் நம்பர். எண் ஏற ஏற நூல் மெலியும்.

த்ரெட் தைப்பதற்கென்றே உருவாக்கப்படுவது. வழக்கமாக இரண்டு, மூன்று புரிகளைச் சேர்த்து முறுக்கி, வழுக்கிச் செல்ல மெழுகோ சிலிக்கோனோ பூசுவார்கள். இவ்வளவு பாடு எதற்கு? தையல் மெஷினில் நூலின் ஒரே பகுதி, துணியில் பதிவதற்கு முன் ஊசிக் காதுக்குள் பலமுறை முன்னும் பின்னும் உரசுகிறது. அந்த ஓட்டம் முறுக்கை ஒரு திசையில் அவிழ்க்கவும் பார்க்கிறது. அதனால் கடைசி முறுக்கை எதிர்த் திசையில் கொடுக்கிறார்கள். நூலை நிமிர்த்திப் பிடித்தால் ஆங்கில இசட் எழுத்தின் நடுக்கோடுபோல் வரிகள் சாய்ந்திருக்கும். நம் கண்ணுக்கே படாத இந்தச் சாய்வுக்குள் எத்தனை அறிவு இருக்கிறது! நெசவு நூலை மெஷினில் கோத்தால் அடிக்கடி அறுவதன் காரணமும் இப்போது புரியும்.

பருத்தித் தையல் நூலின் வரலாறும் தறியிலிருந்தே வந்தது. நெப்போலியன் போர்க்காலத்தில் பிரிட்டனுக்குப் பட்டு வரத்து தடைப்பட்டது. ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகர நெசவாளர்கள் தறியில் பாவு நூலை ஏற்றி இறக்கும் விழுதுகளுக்குப் பட்டு நூலையே நம்பியிருந்தவர்கள். அங்கே கிளார்க் குடும்பத்தார் பருத்தியை முறுக்கிப் பட்டுக்கு ஈடாக வழுவழுப்பான நூல் செய்தார்கள். அதுவே தைக்கவும் உதவும் என்று கண்டு, 1812இல் ஆலையே தொடங்கினார்கள்.

கையில் உள்ளது எது என்று பார்க்க, முறுக்கை அவிழ்த்துப் பாருங்கள். பஞ்சாகப் பிரிந்தால் அது ஒற்றைப் புரி யார்ன். தனித்தனிப் புரிகளாகப் பிரிந்தால் த்ரெட்டாக இருக்கலாம். ஆனால் நெசவிலும் இரட்டைப் புரி நூல் உண்டு. ஆகவே ஆர்டரில் சொல்லோடு நின்றுவிடாமல், தைக்கவா நெய்யவா என்பதையும், நம்பரையும், எத்தனை புரி என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வணக்கம்.