எத்தனை சதவீதம்? எதில்?

அவைக்கு வணக்கம்.

1967 தேர்தலைப் பற்றி இந்த அரங்கில் இருப்பவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. காங்கிரஸ் ஆட்சி போனது, அண்ணா முதலமைச்சர் ஆனார். விருதுநகரில் காமராசர் ஒரு மாணவர் தலைவரிடம் 1,285 வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். முதலமைச்சராக இருந்த பக்தவத்சலம் ஸ்ரீபெரும்புதூரில் தோற்றார். ஏன் என்று கேட்டால் அரிசித் தட்டுப்பாடு, 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டம், எம்.ஜி.ஆர். சுடப்பட்டது என்று வரிசையாகச் சொல்வோம். அவ்வளவும் உண்மை.

இப்போது தேர்தல் ஆணையத்தின் புள்ளிவிவர அறிக்கையைப் பாருங்கள். அந்தத் தேர்தலில் காங்கிரஸ் வாங்கியது 41.10 சதவீதம். திமுக வாங்கியது 40.69 சதவீதம். தோற்ற கட்சிதான் அதிகம் வாங்கியிருக்கிறது. இன்னும் ஒன்று. 1962இல் ஆட்சியைத் தக்கவைத்தபோது காங்கிரசுக்குக் கிடைத்த வாக்குகள் சுமார் 58 லட்சம். 1967இல் ஆட்சியை இழந்தபோது கிடைத்தவை சுமார் 63 லட்சம். ஆட்சி போன தேர்தலில் அந்தக் கட்சியின் வாக்குகள் ஏறக்குறைய நான்கரை லட்சம் கூடியிருந்தன.

அப்படியானால் மக்கள் கோபப்படவே இல்லையா? பட்டார்கள். காங்கிரசின் பங்கு 46.14இலிருந்து ஐந்து புள்ளி இறங்கியது. ஆனால் ஐந்து புள்ளி இறக்கம் மட்டும் ஒரு கட்சியை 51 இடங்களுக்குத் தள்ளிவிடாது. 1962இல் காங்கிரசுக்கு எதிரான வாக்குகள் சிதறிக் கிடந்தன: திமுகவுக்கு 27 சதவீதம், சுதந்திராக் கட்சிக்கும் கம்யூனிஸ்டுக் கட்சிக்கும் தலா ஏழேமுக்கால் அளவில், மீதி சுயேச்சைகளுக்கும் சிறு கட்சிகளுக்கும். 1967இல் அண்ணா சுதந்திராக் கட்சியின் ராஜாஜியோடும் மார்க்சிஸ்டுகளோடும் முஸ்லிம் லீக்கோடும் உடன்பாடு கண்டார். திமுக 174 இடங்களில் மட்டும் நின்றது, 137இல் வென்றது. காங்கிரஸ் நின்றது 232 இடங்களில். திமுக வேட்பாளரே இல்லாத அறுபது தொகுதிகளில் திமுக அனுதாபி சுதந்திராவுக்கோ மார்க்சிஸ்டுக்கோ போட்டார். அந்த வாக்கு திமுக கணக்கில் வராது. 40.69 என்ற எண் மாநிலம் முழுவதும் பதிவான வாக்குகளால் வகுத்தது. அந்த வகுக்கும் எண்ணைப் பார்க்காமல் 41க்கும் 40க்கும் ஒப்பிட்டுப் பேசினால், நாம் பேசுவது வரலாறு ஆகாது.

நான் இன்றைக்கு இங்கே வந்தது இந்த ஒன்றைச் சொல்லத்தான். யாராவது ஒரு சதவீதத்தைச் சொன்னால், 'எதில்?' என்று கேளுங்கள்.

டேவிட் பட்லர், அசோக் லாகிரி, பிரணாய் ராய் மூவரும் 1980களில் இந்தியத் தேர்தல்களை ஆராய்ந்தபோது எதிர்க்கட்சி ஒற்றுமைக் குறியீடு என்று ஓர் அளவுகோலைக் கொண்டுவந்தார்கள். ஆளுங்கட்சிக்கு எதிராக விழுந்த மொத்த வாக்கில் மிகப்பெரிய எதிரணி எவ்வளவு வாங்கியது என்பதுதான் கணக்கு. மேலே சொன்ன எண்களையும் ஆணையத்தின் அறிக்கையையும் வைத்துக் காகிதத்தில் நீங்களே போடலாம். 1962இல் அது சுமார் 50 வரும். 1967இல் திமுக, சுதந்திரா, மார்க்சிஸ்ட் மூன்றையும் மட்டும் கூட்டினாலே 85 வரும். ஆட்சி மாற்றத்தில் மக்கள் மனம் மாறிய அளவையும், மாறாத மனங்கள் ஓரிடத்தில் சேர்ந்த அளவையும் இப்படித்தான் பிரித்துப் பார்க்க முடியும். எனக்கு அண்ணாவின் மேடைப் பேச்சு மீது இருக்கும் மதிப்பு, இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு அவருடைய பேச்சுவார்த்தைத் திறமை மீதும் வந்தது.

இது பழைய கதை என்று விட்டுவிடாதீர்கள். 2006ஐ எடுத்துக்கொள்வோம். அதிமுக 32.64 சதவீதம், 61 இடங்கள். திமுக 26.46 சதவீதம், 96 இடங்கள். அதிமுக 188 தொகுதிகளில் நின்றது, திமுக 132இல். நின்ற தொகுதிகளில் மட்டும் பார்த்தால் திமுக ஏறக்குறைய 46, அதிமுக ஏறக்குறைய 41. முதல் கணக்கு ஒருவரை முன்னே வைக்கிறது, இரண்டாம் கணக்கு இன்னொருவரை. இரண்டும் பொய் இல்லை. ஐந்து ஆண்டுகளுக்கு முன்னால் 2001இல் அதிமுக 31.44, திமுக 30.92. அரை சதவீதம்தான் இடைவெளி, இடங்களோ 132க்கு 31.

இதைவிடத் தெளிவான பாடம் தேமுதிக. 2006இல் 232 இடங்களில் தனித்து நின்று 8.38 சதவீதம் வாங்கியது. வென்றது விருத்தாசலம் ஒன்றுதான். 2011இல் 7.88 சதவீதம், 29 இடங்கள். வாக்கு குறைந்தது, இடம் பெருகியது என்று அப்போது பலர் வியந்து எழுதினார்கள். ஆனால் 2011இல் அந்தக் கட்சி அதிமுக கூட்டணியில் 41 தொகுதிகளில்தான் நின்றது. அந்த 7.88க்குள் இரட்டை இலைக்காரர்களின் வாக்கு நிறைய இருக்கிறது. மற்ற 193 தொகுதிகளில் தேமுதிகவினர் கூட்டணி வேட்பாளருக்குப் போட்ட வாக்கு அதில் இல்லவே இல்லை. 2016இல் 104 இடங்களில் நின்று 2.4 சதவீதம் வந்தபோது, 8.38, 7.88, 2.4 என்று மூன்று புள்ளிகளைக் கோட்டால் இணைத்து, முதலில் மெல்லச் சரிந்து பிறகு விழுந்த கட்சி என்று படம் போட்டார்கள். மூன்று எண்களும் மூன்று வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள். அந்தக் கட்சி தேய்ந்தது உண்மை. எப்போது தேயத் தொடங்கியது, கூட்டணிக்குள் இருந்த நாட்களிலேயே தொடங்கிவிட்டதா என்பதை அந்தக் கோடு சொல்லாது.

2024 மக்களவைத் தேர்தலையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். நாடு முழுவதும் பாஜகவின் பங்கு 37.36இலிருந்து 36.56க்கு இறங்கியது, ஒரு புள்ளிகூட இல்லை. இடங்கள் 303இலிருந்து 240. உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 62 இடம் 33 ஆனது. நாட்டு சராசரியைப் பார்த்தவருக்கு எதுவும் நடக்கவில்லை. மாநிலம் மாநிலமாகப் பார்த்தவருக்கு எல்லாம் நடந்திருக்கிறது.

இனி, நம் ஊரில் மிகுந்த தெம்போடு பேசப்படும் ஒரு விஷயத்துக்கு வருகிறேன். தேர்தல் வந்துவிட்டால் தொலைக்காட்சியில் ஒருவர் உட்கார்ந்து, 'இந்தத் தொகுதியில் இன்ன சமூகம் 35 சதவீதம், அவர்கள் இந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார்கள்' என்பார். அவரிடம் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும்.

முதல் கேள்வி: 35 என்று யார் எண்ணினார்கள்? இந்தியாவில் எல்லாச் சாதிகளையும் எண்ணி முடிவை முழுமையாக வெளியிட்ட கடைசி மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1931. அதன் பிறகு பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் மட்டும் எண்ணி வெளியிடுகிறார்கள். தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 2011இல் 20.01 சதவீதம் என்று நம்மால் உறுதியாகச் சொல்ல முடிவது அதனால்தான். பிற சாதிகளுக்கு அப்படி ஓர் எண் கிடையாது. பிகார் 2023இல் எண்ணிப் பார்த்தது. மிகவும் பிற்படுத்தப்பட்டோர் 36.01 சதவீதம் என்று தெரிந்ததும், பல ஆண்டுகளாகக் கேட்கப்படாமல் இருந்த குரல்களுக்குப் பேரம் பேசும் வலிமை வந்தது. அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியையும் சேர்ப்பதாக ஒன்றிய அரசு 2025 ஏப்ரலில் அறிவித்தது. அதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். எண்ணப்படாத மக்களின் பெயரால் யார் வேண்டுமானாலும் பேசிவிடலாம் என்ற நிலை போக வேண்டும்.

இரண்டாம் கேள்வி இன்னும் ஆழமானது. எண் சரியாகவே இருக்கட்டும். ஒரு சமூகம் நிறைந்த தொகுதியில் ஒரு கட்சி வென்றால், அந்தச் சமூகம்தான் அந்தக் கட்சிக்குப் போட்டது என்று எப்படித் தெரியும்? அமெரிக்காவில் வில்லியம் ராபின்சன் என்ற அறிஞர் 1950இல் இதற்கு விடை எழுதினார். 1930 கணக்கெடுப்பை எடுத்து, 48 மாநிலங்களை ஒப்பிட்டார். வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகமுள்ள மாநிலங்களில் எழுத்தறியாதவர்கள் குறைவாக இருந்தார்கள். இரண்டும் சேர்ந்தே ஏறினால் பிளஸ், ஒன்று ஏற மற்றது இறங்கினால் மைனஸ் என்று காட்டும் தொடர்பு எண் மைனஸ் 0.53. குடியேறியவர்கள் நன்றாகப் படித்தவர்கள் என்று முடிவு கட்டத் தோன்றும். தனி மனிதர்களாக எடுத்துப் பார்த்தால் தொடர்பு பிளஸ் 0.12. குடியேறியவர்களிடம்தான் எழுத்தறியாமை சற்று அதிகம். உள்ளூர் மக்கள் ஓரளவு படித்திருந்த மாநிலங்களில் போய் அவர்கள் குடியேறியிருந்தார்கள், அவ்வளவுதான்.

நம் தொகுதிக் கணக்கும் இதே வலையில் விழுகிறது. ஒரு சமூகம் பெரிதாக இருக்கும் இடத்தில், அதைக் கண்டு அஞ்சும் மற்ற சமூகங்கள் எதிர்ப்பக்கம் திரண்டு அந்தக் கட்சியை வெல்ல வைத்திருக்கலாம். தொகுதி முடிவு இரண்டு கதைகளுக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும். எது நடந்தது என்று அறிய, வாக்களித்தவர்களிடமே போய்க் கேட்க வேண்டும். லோக்நீதி அமைப்பு நடத்துவது போன்ற தேர்தலுக்குப் பிந்தைய ஆய்வுகள் அதற்காகத்தான் இருக்கின்றன. அவற்றிலும் பிழை வரும். ஆனால் கேட்டுச் சொல்பவருக்கும் கேட்காமல் சொல்பவருக்கும் வித்தியாசம் உண்டு. கேட்காமல் சொல்லும் வார்த்தையால் ஒரு கிராமத்தில் இரண்டு தெருக்கள் ஒன்றையொன்று சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்குகின்றன. அந்தச் சேதத்துக்கு யாரும் பொறுப்பேற்பதில்லை.

வாக்குப்பதிவு சதவீதத்திலும் இதே கேள்வி. வாக்காளர் பட்டியலில் இறந்தவர்களும் வீடு மாறியவர்களும் இருந்தால், வகுக்கும் எண் ஊதிப்போய், சதவீதம் இறங்கி, நகரத்து மக்கள் சோம்பேறிகள் என்ற பட்டம் கிடைக்கும். பட்டியல் சுத்தமானால் ஒரு வாக்குகூட கூடாமலே சதவீதம் ஏறும். தவறாக யாருடைய பெயரையாவது நீக்கினாலும் அதே ஏற்றம்தான் தெரியும். ஆகவே அந்த ஏற்றத்தை மட்டும் பார்த்து மகிழாதீர்கள்.

இளைஞர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். படிவம் 20 என்று ஒன்று உண்டு. வாக்குச்சாவடி வாரியாக எந்த வேட்பாளருக்கு எத்தனை வாக்கு என்பது அதில் இருக்கும். மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் கிடைக்கும். உங்கள் பூத்தைத் தேடி எடுங்கள், அடுத்தடுத்த தேர்தல்களை ஒப்பிடுங்கள். பல பக்கங்கள் ஸ்கேன் செய்த படங்களாக இருப்பதால் கையால் தட்டச்சு செய்ய வேண்டியிருக்கும். அதைச் செய்து எல்லோருக்கும் பொதுவில் வையுங்கள்.

அப்படிச் செய்யும்போது ஒரு ஆபத்தையும் பார்ப்பீர்கள். ஒரு சாவடிக்கு ஆயிரம் பேர் அளவில்தான் இருப்பார்கள். ஒரு வேட்பாளருக்கு அங்கே ஏழு வாக்கு விழுந்திருந்தால், அந்த ஏழு பேர் யார் என்று உள்ளூர் ஆதிக்கக்காரருக்குத் தெரிந்துவிடும். வாக்குச் சீட்டு இருந்த காலத்தில் சீட்டுகளைக் கலந்து எண்ண வழி இருந்தது. இயந்திரம் வந்த பிறகு அது போயிற்று. பல சாவடிகளின் வாக்குகளைச் சேர்த்து ஒரே தொகையாகக் காட்டும் டோட்டலைசர் கருவி வேண்டும் என்று தேர்தல் ஆணையம் 2008இலேயே கேட்டது. சட்ட ஆணையம் 2015இல் அதை ஆதரித்தது. இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. அது வந்தால் என்னைப் போன்றவர்களுக்கு ஆராய்ச்சிக்குக் கிடைக்கும் நுணுக்கம் குறையும். குறையட்டும். சேரி ஓரத்துச் சாவடியில் பயமில்லாமல் ஒருவர் பொத்தானை அழுத்துவதற்கு அது உதவுமானால், டோட்டலைசர் வர வேண்டும் என்ற பக்கம்தான் நான்.

நன்றி, வணக்கம்.