ரெண்டு வராத கடுதாசிக் கட்டு

வானொலி நேயர்களுக்கு வணக்கம். நாம் வாழும் இந்தப் பிரபஞ்சத்தைப் போல எண்ணிக்கையே இல்லாத பிரபஞ்சங்கள் இருக்கலாமா என்று பேச வந்திருக்கிறேன். பௌதிகம் படிப்பித்த காலம் முழுக்க என்னை விடாத கேள்வி இது. ஏழு நிமிடம்தான் தந்திருக்கிறார்கள், அதனால் நேரே கடுதாசி விளையாட்டுக்குப் போகிறேன்.

கிளிநொச்சியில் எங்கள் ஒழுங்கையில் ஒரு புளியமரம் நிற்கிறது. ஞாயிறு பின்னேரங்களில் அதற்குக் கீழே முந்நூற்றிநாலு என்ற கடுதாசி விளையாட்டு நடக்கும். உங்கள் ஊரிலும் நடக்கும்தானே? ரெண்டில் இருந்து ஆறு வரை எல்லாவற்றையும் கட்டில் இருந்து எடுத்துவிட்டால் மிச்சம் 32 கடுதாசி. நாலு பேர், ஆளுக்கு எட்டு. ஒரு நாள் ஒருவர் தன் கையைப் பார்த்துவிட்டு, "இதே எட்டும் எனக்கு முந்தியும் ஒருக்கா வந்தது" என்று சாதித்தார். மற்றவர்கள் விடவில்லை, சண்டை வரும் போல இருந்தது. நான் கொப்பியை எடுத்துக் கணக்குப் பார்த்தேன். ஒருவர் கைக்கு வரக்கூடிய எட்டுகள் மட்டும் ஒரு கோடியே ஐந்து இலட்சத்துக்குக் கொஞ்சம் மேல். நாலு கையையும் சேர்த்துப் பார்த்தால் கிட்டத்தட்ட ஆயிரம் கோடி கோடி விதம். ஒரு கோடியை ஒரு கோடியால் பெருக்கி, அதை இன்னும் ஆயிரத்தால் பெருக்க வேண்டும். பெரிய எண்தான், ஆனால் அதற்கு ஒரு முடிவு இருக்கிறது. ஓய்வே இல்லாமல் காலமெல்லாம் போட்டுக்கொண்டே இருந்தால், போட்ட பங்கீடு ஏதோ ஒன்று திரும்பி வந்தே தீரும். வராமல் இருக்க வழியே இல்லை.

சரி, இப்போது வானத்துக்கு வருவோம். பிரபஞ்சத்துக்கு வயது ஏறக்குறைய 1380 கோடி ஆண்டு. அது விரிந்துகொண்டே வந்ததால், நமக்குத் தெரியக்கூடிய பகுதியின் ஓரம் இன்றைக்கு 4600 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. அதற்கு அப்பாலும் வெளி முடிவில்லாமல் போகிறது என்று வையுங்கள், அங்கே இதே அளவுள்ள ஒவ்வொரு பகுதியும் ஒரு தனிப் பிரபஞ்சம் போல. மிகச் சிறிய துகள்களின் நடத்தையைச் சொல்லும் குவாண்டம் விதிகளின்படி, ஒரு எல்லைக்குள் அடங்கிய இடத்தில், அளவான சக்தியோடு, பொருட்கள் அமையக்கூடிய விதங்கள் எண்ணி முடிக்கக் கூடியவை. எங்கள் 32 கடுதாசி போலத்தான். அப்படியென்றால், எல்லா இடத்திலும் பொருட்கள் நன்றாகக் கலைத்துப் போட்டது போல அமைந்திருந்தால், எங்கோ அதே பங்கீடு திரும்ப வர வேண்டும், இதே ஒழுங்கை, இதே புளியமரம், இதே ஆட்கள். மாக்ஸ் டெக்மார்க் என்ற பௌதிகவியலாளர் 2003 இல் அந்தத் தூரத்தைக் கணக்குப் பார்த்தார். அந்த எண்ணில் ஒன்றுக்குப் பின்னால் வரும் பூச்சியங்களை எழுத உலகத்தில் உள்ள கொப்பிகள் போதாது.

இதை நான் மரத்துக்குக் கீழே சொல்லிக்கொண்டிருந்தபோது, தேத்தண்ணி கொண்டுவந்த பக்கத்து வீட்டு அக்கா நின்று கேட்டார். பிறகு மெதுவாக, "அப்ப மாஸ்ரர், அண்டைக்கு நாங்கள் மற்ற றோட்டால போயிருந்தா? அப்பிடிப் போன நாங்களும் எங்கையோ இருப்பமோ?" என்றார். ஒருவரும் பேசவில்லை. கடுதாசி போடுகிறவரும் கையை நிறுத்திவிட்டார்.

அவருக்கு நான் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். முடிவில்லாதது என்றால் எல்லாமே உண்டு என்று பலர் நினைக்கிறார்கள். அது பிழை. முந்நூற்றிநாலுக் கட்டை எத்தனை யுகம் போட்டாலும் ஒருவர் கைக்கும் ரெண்டு வராது, கட்டில் அது இல்லை. இயற்கையின் விதிகளுக்கு உட்படாதது முடிவில்லாத வெளியிலும் வராது. ஆனால் அக்கா கேட்டது ரெண்டு இல்லை. மற்ற றோட்டால் போவது கட்டுக்குள் இருக்கும் கடுதாசிதான், வரக்கூடியதுதான். ஒழுங்காகக் கலைத்துப் போட்டிருந்தால். இந்த "ஒழுங்காகக் கலைத்து" முக்கியம். கலைக்காமல் போட்டால் அதே நாலைந்து பங்கீடுதான் சுற்றிச் சுற்றி வரும்.

வெளி உண்மையிலேயே முடிவில்லாததா? வெளியின் வடிவத்தை அளந்த செய்மதிகளில் பிளாங்க் ஒன்று. ஐரோப்பியர்கள் அதை 2009 மே 14 ஆம் திகதி ஏவினார்கள். அந்தக் கிழமை நாங்கள் எங்கே இருந்தோம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நாங்கள் பதுங்குகுழிக்குள் இருக்க, இன்னொரு இடத்தில் மனிதர்கள் பிரபஞ்சத்தின் வடிவத்தை அளக்கக் கருவி அனுப்பியிருக்கிறார்கள் என்பது பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரியும். இன்றும் அந்தத் திகதியை வாசிக்கும்போது நெஞ்சு ஒருமாதிரி ஆகும். அது அளந்த வரைக்கும் வெளி தட்டையாக, அதாவது வளைவில்லாமல், தெரிகிறது. ஆனால் பரந்தன் வயலில் நின்று பார்த்தால் பூமியும் தட்டைதான். தட்டையாகத் தெரிவதை வைத்து முடிவில்லை என்று சொல்ல முடியாது. இருக்கலாம் என்பதுதான் என் பதில். இருக்கிறது என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். ஹியூ எவரெட் என்ற பௌதிகவியலாளரைப் பற்றிப் பேசவே இல்லை, அவர் முக்கியமானவர். 1957 இல், அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கான ஆய்வில், ஒரு துகள் இந்தப் பக்கமும் போகலாம் அந்தப் பக்கமும் போகலாம் என்ற நிலையில் இரண்டுமே நடக்கும் என்றார். பிற்பாடு அதைத்தான் உலகம் கிளை பிரிகிறது என்று விளக்கினார்கள். பிரிந்த கிளைகளுக்கு இடையே ஒரு சேதியும் போக முடியாது. அக்காவின் கேள்விக்கு ஆகக் கிட்ட வருவது அதுதான், அதற்குத்தான் நேரம் இல்லாமல் போய்விட்டது. அக்கா, கேட்டுக்கொண்டுதான் இருப்பீர்கள், மிச்சத்தை ஞாயிற்றுக்கிழமை மரத்துக்குக் கீழே சொல்கிறேன். வணக்கம்.