பெரியப்பாவின் பிஸ்கற் பேணி

நடுவர் ஐயா, சனசமூக நிலைய ஆண்டுவிழாவுக்கு வந்திருக்கும் ஊரவர்களே, வணக்கம். மிச்ச வணக்கங்களை எனக்கு முன்னால் பேசிய தம்பி எனக்கும் சேர்த்தே சொல்லிவிட்டார்.

பிறசருக்கு, அதுதான் இரத்த அழுத்தத்துக்கு, சிறந்தது கைமருந்தா, கிளினிக் குளிசையா? தம்பி கைமருந்துக் கட்சி, நான் குளிசைக் கட்சி. என் சாட்சி என் பெரியப்பா.

கிளினிக்கில் அளந்தபோது அவருக்கு 170/100. கொப்பி போட்டு ஒரு குளிசை கொடுத்தார்கள். பெரியப்பா வீட்டுக்கு வந்து அந்தச் சரையைப் பிஸ்கற் பேணிக்குள் போட்டு மூடினார். தேனில் ஊறிய உள்ளிப் போத்தலைத் திறந்தார். காலையில் இரண்டு பல் உள்ளி. மத்தியானம் கருவாட்டுக் குழம்பு, மோர்மிளகாய், ஊறுகாய். உள்ளி கொஞ்சம் இறக்கும்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் பாவம், அது தனியாள். எத்தனை பேரோடு மல்லுக்கட்டும்?

அடுத்த மாதம் பிறசர் அதே இடத்தில். “குளிசை போடுறீங்களோ?” “ஓம் டொக்டர், ஒருநாளும் தப்புறேல்லை.” டொக்டர் நம்பி இரண்டாவது குளிசையைக் கூட்டினார். அதுவும் பேணிக்குள். அதற்கடுத்த முறை மூன்றாவது. பெரியப்பா கடைத் திண்ணையில் இருந்து, “பாத்தியளோ, குளிசை கூடக் கூடப் பிறசரும் கூடுது!” என்று ஊருக்கு விளக்கம் கொடுப்பார்.

சிரியுங்கள், சிரியுங்கள். இன்னும் முடியவில்லை. பேரனுக்குப் பிஸ்கற் எடுக்கப் போன பெரியம்மா பேணியைத் திறந்துவிட்டா. அவ பழைய ரீச்சர். கொப்பியைப் பார்த்தா, எழுதியபடி மூன்றையும் எடுத்தா, முன்னால் நின்று விழுங்க வைத்தா. ஒரு குளிசையைக்கூடக் காணாத உடம்பு! பெரியப்பா கிணற்றடிக்குப் போனார், குனிந்து வாளியைத் தூக்கினார், தலைசுற்றி வாழைப்பாத்திச் சேற்றுக்குள் இருந்துவிட்டார். சேற்றில் இருந்தபடியே சொன்ன முதல் வார்த்தை: “நான் சொன்னனான்தானே, இங்கிலீசு மருந்து ஆளை விழுத்தும்!”

நடுவர் ஐயா, விழுத்தியது குளிசையா, பேணியா?

தம்பி என்னை ‘வெள்ளைக்காரன்ரை குளிசைக்கு வக்காலத்து’ என்றார். கைதட்டும் வாங்கினார். தம்பி, சர்ப்பகந்தா என்ற மூலிகை எந்த வெள்ளைக்காரன் வளவில் முளைத்தது? அந்த வேர் பிறசரை இறக்குவதை நோயாளரிடம் சோதித்து, 1949இல் பிரித்தானிய இதயவியல் இதழில் எழுதியவர் ருஸ்தம் ஜால் வக்கீல் என்ற பம்பாய் வைத்தியர். 1952இல் அதிலிருந்து ரெசர்பின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். அதுவும் பிறசர் குளிசையாயிற்று. வேரில் எவ்வளவு இருக்கிறது என்று வேருக்கே தெரியாது, குளிசையில் மில்லிகிராம் எழுதியிருக்கும். வெள்ளைக்காரன் என்றே வைத்தாலும், யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷனரி கிறீன் வைத்தியர் மேலைவைத்தியத்தைத் தமிழில் படிப்பித்தது 19ஆம் நூற்றாண்டில். அப்போது தம்பியின் பூட்டனார் கைதட்டியிருப்பார்!

அப்புறம், பிறசருக்கு அதிமதுரம் குடிக்கச் சொன்ன தம்பியின் கதை. தொண்டைக்கு நல்லது, சரி. அதையே நாளாந்தம் அவித்துக் குடித்தால் பொட்டாசியம் குறைந்து பிறசர் ஏறும். தம்பி இறக்கச் சொன்ன மருந்து ஏற்றுகிற மருந்து.

‘குளிசை தொடங்கினால் சாகும்வரை நிறுத்தேலாது’ என்றும் சொன்னார். ஓம் தம்பி. சோறும் அப்படித்தான்.

மணி அடிக்கிறது. ஒரு நிமிடம் தாருங்கள் ஐயா.

சேற்றில் விழுந்த பிறகு பெரியப்பா கிளினிக் பக்கமே போகவில்லை. நோவில்லை, காய்ச்சல் இல்லை, பிறகென்ன? ஒரு தைப்பொங்கல் விடிய, முற்றத்தில் பானை பொங்கி வருகிறது. அரிசி அள்ளிப் போடக் கையை நீட்டினார். வலக்கை வரவில்லை. “பொங்கலோ” என்று சொல்ல வாயெடுத்தார், வாய் ஒருபக்கம் போய்விட்டது. பாரிசவாதம். சுற்றி நின்ற பிள்ளைகள் அவர் பகிடி விடுகிறார் என்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இப்போது பெரியம்மாதான் சோறு தீத்துகிறா. குளிசையும் அவதான் கொடுக்கிறா.

போன கிழமை போயிருந்தேன். பேணிக்குள் இப்போது பிஸ்கற்தான் இருக்கிறது. பெரியம்மா திறந்து என் பக்கம் நீட்டினா. பெரியப்பா இடக்கையை மெல்லக் கொண்டுவந்து மூடியைத் தேடி எடுத்து மூடினார்.